தாடை மூட்டு வலி, மெல்லும் தசைகள், நைட் கார்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காதுக்கு முன்னால் ஒரு வலி. கொட்டாவி விடும்போது ‘டிக்’ என்று ஒரு சத்தம். காலையில் எழுந்தால் இரண்டு கன்னமும் இரவு முழுக்க வேலை பார்த்த மாதிரி களைத்துக் கிடக்கும். இந்த மூன்றில் ஏதோ ஒன்றுடன்தான் பெரும்பாலோர் என் நாற்காலியில் வந்து உட்காருகிறார்கள். பலர் அதற்கு முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரையும் தலைவலிக்கு இன்னொருவரையும் பார்த்துவிட்டு வந்திருப்பார்கள். கையில் ஏற்கெனவே ஒரு நைட் கார்டு (தூங்கும்போது பற்களின் மேல் மாட்டிக்கொள்ளும் தட்டு) இருக்கும், அல்லது செய்துகொள்ளலாமா என்ற கேள்வி இருக்கும். ஒரு பல் மருத்துவராக இவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிற பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

தாடை மூட்டு என்பது எது? அதில் என்னதான் கெட்டுப்போகும்?

இரண்டு சுட்டுவிரலையும் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் உருண்டையாக ஒன்று முன்னால் போய்த் திரும்பி வரும். அது கீழ்த்தாடை எலும்பின் தலை. கபால எலும்பில் அதற்கென்று ஒரு குழி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் மெத்தை போல ஒரு வில்லை. முழங்கை மூட்டு கீல் போல மடங்கும், அவ்வளவுதான். தாடை மூட்டு கீல் போலச் சுழலவும் செய்யும், மேசை இழுப்பறை போல முன்னால் வழுக்கிக்கொண்டு வரவும் செய்யும். அதோடு, இடமும் வலமும் ஒரே எலும்பில் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் தனியாக அசைய முடியாது.

கோளாறுகளை மூன்றாகப் பிரித்துக்கொள்ளலாம்: தசை வலி, வில்லை இடம் மாறுவது, மூட்டின் அழற்சியும் தேய்மானமும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்தும் வரும். எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதற்கு 2014-ல் உலக அளவில் ஒரு பொது வரையறை வெளியானது. அதன்படி நோயாளி சொல்கிற கதையும் மருத்துவரின் விரலும்தான் முதல் கருவி. தசையையும் மூட்டையும் அழுத்தும்போது ‘ஆமாம், எனக்கு வலிக்கிறது என்றேனே, இதுதான்’ என்று நோயாளி சொல்ல வேண்டும். ஸ்கேன் எல்லாம் அதற்கப்புறம், அதுவும் சிலருக்குத்தான்.

மெல்லும் தசைகள் என்று சொல்கிறீர்களே, அவை எங்கே இருக்கின்றன?

கன்னத்தில் கை வைத்துக் கடைவாய்ப் பல்லை இறுகக் கடியுங்கள். தாடை மூலைக்கு மேலே ஒரு கட்டி எழும்பும். அதுதான் மாசிட்டர். விரலை நெற்றிப்பொட்டுக்கு நகர்த்தி இன்னொரு முறை கடியுங்கள், அங்கேயும் அசையும். அது விசிறி போல விரிந்த டெம்போராலிஸ். ‘பொட்டு வலி’ என்று தைலம் தேய்த்துக்கொள்கிறவர்களில் பலருக்கு வலிப்பது இந்தத் தசைதான். தாடைக்கு உள்பக்கம் டெரிகாயிட் தசைகள் இரண்டு இருக்கின்றன, வெளியிலிருந்து கைக்கு எட்டாது. ஒன்று வாயை மூட உதவும், மற்றொன்று தாடையை முன்னால் இழுக்கும், வாய் திறக்கவும் உதவும். இந்த நான்கு ஜோடித் தசைகளையும் முக்கிளை நரம்பின் மூன்றாவது கிளைதான் இயக்குகிறது. கீழ்ப்பல் வலி, காதுப் பக்க வலி ஆகியவற்றை மூளைக்குக் கொண்டுபோவதும் அதே கிளைதான். தசை வலி பல்வலி போலவும் காது வலி போலவும் வேடம் போடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நல்ல பல்லுக்கு வேர் சிகிச்சை செய்துகொண்டும் வலி போகவில்லை என்று வருகிறவர்களைப் பார்க்கும்போது மனது கனத்துப்போகும்.

வாய் திறக்கும்போது ‘டிக்’ சத்தம் வருகிறது. மூட்டு தேய்ந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. வில்லை சற்று முன்னால் நகர்ந்திருக்கும். தாடைத் தலை அதன் மேல் ஏறும்போது வருகிற சத்தம் அது. வலியோ பிடிப்போ இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால் சிகிச்சையே தேவையில்லை. எத்தனையோ பேர் ஆயுள் முழுக்க அந்தச் சத்தத்தோடு நன்றாக இருக்கிறார்கள். இருந்த சத்தம் திடீரென்று நின்று, அன்றிலிருந்து வாய் சரியாகத் திறக்கவில்லை என்றால் அது வேறு விஷயம். வில்லை முன்னாலேயே சிக்கிக்கொண்டிருக்கலாம், வந்து காட்டிவிடுங்கள். மணல் அரைபடுவது போன்ற நறநற ஒலி இருந்தால் தேய்மானத்தைச் சந்தேகிக்கலாம்.

நான் பல்லைக் கடிக்கிறேனா? எனக்கே தெரியவில்லையே.

தெரியாமல் செய்வதுதான் அதன் இயல்பு. இரண்டு வகை உண்டு. ஒன்று தூக்கத்தில் நறநறவென்று அரைப்பது, பக்கத்தில் படுப்பவர்தான் சொல்ல வேண்டும். மற்றது விழித்திருக்கும்போதே சத்தமில்லாமல் பல்லை இறுக்கி வைத்திருப்பது. இதைச் சொல்ல யாரும் இல்லை. என் அனுபவத்தில் வலியோடு அதிகம் ஒட்டிக்கொண்டு வருவது இந்த இரண்டாவது.

தையல் வேலை பார்க்கும் ஒரு அம்மா வந்தார். ‘நான் கடிப்பதே இல்லை டாக்டர்’ என்று உறுதியாகச் சொன்னார். ஊசியும் நூலும் கொடுத்துக் கோக்கச் சொன்னேன். நூல் முனையை உதட்டில் ஈரப்படுத்தி, கண்ணைச் சுருக்கி, ஊசிக் காதைப் பார்த்தார். அந்த நொடியில் அவர் கன்னத்தில் மாசிட்டர் கோலிக்குண்டு மாதிரி புடைத்து நின்றது. அவருடைய கையைப் பிடித்து அவர் கன்னத்திலேயே வைத்தேன். ‘அய்யோ, இதை நாள் பூரா செய்கிறேனே’ என்றார். அவருக்கு ஊசி. வேறு சிலருக்குக் கணினித் திரை, சிலருக்கு நெரிசலில் வண்டி ஓட்டுவது, சிலருக்குப் பிள்ளையின் பரீட்சை.

சாதாரணமாக நம் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எப்போது தொட வேண்டும்? மெல்லும்போதும் விழுங்கும்போதும் மட்டும். ஒரு நாள் முழுவதையும் கூட்டினாலும் சுமார் 20 நிமிடம்தான் வரும். மற்ற நேரமெல்லாம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். ‘வாயை மூடினால் பல் தொடத்தானே செய்யும்’ என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மிக அதிகம்.

குழந்தை தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறது. வயிற்றில் பூச்சியா?

பாட்டிமார் அப்படித்தான் சொல்வார்கள். பூச்சிக்கும் பல் கடிப்பதற்கும் உறுதியான தொடர்பு காட்டப்படவில்லை. பூச்சி மருந்து கொடுப்பதை அதற்குரிய காரணத்துக்காகக் கொடுங்கள், இதற்காக வேண்டாம். குழந்தைகளிடம் இது சகஜம், வளர வளரப் பெரும்பாலும் குறைந்துவிடும். பால் பற்கள் விழுந்து புதிய பற்கள் முளைக்கிற வயதில் கெட்டியான தட்டு எதுவும் மாட்டக் கூடாது. குழந்தை வாயைத் திறந்தபடி தூங்குகிறதா, குறட்டை விடுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். அப்படி இருந்தால் மூக்கடைப்பையும் அடினாய்டு (மூக்குக்குப் பின்னால் உள்ள சதை) வீக்கத்தையும் பார்க்க வேண்டும்.

தசை அதிகமாக வேலை செய்வதால்தான் வலி வருகிறது, இல்லையா?

பல காலம் நாங்களும் அப்படித்தான் நம்பினோம். கடித்தால் தசை களைக்கும், களைத்தால் வலிக்கும், வலித்தால் இன்னும் இறுகும் என்று ஒரு வட்டம் போட்டுப் பாடம் நடத்தினார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தவர்களுக்கு வேறு படம் கிடைத்தது. தாடை வலி உள்ளவரை இறுகக் கடிக்கச் சொன்னால் அவருடைய தசை மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் சுருங்குகிறது. வலிக்கிற காலை நாம் அழுத்தி ஊன்றுவதில்லையே, அதே மாதிரி. வலி தசையைக் கட்டுப்படுத்தி வைக்கிறது என்ற இந்தக் கருத்தை 1991-ல் ஆய்வாளர் ஜேம்ஸ் லண்டும் உடனிருந்தவர்களும் விளக்கமாக முன்வைத்தார்கள்.

தூக்கத்தைப் பற்றியும் ஒரு முக்கியமான ஆய்வு 2012-ல் அமெரிக்காவில் வந்தது. தாடைத் தசை வலி உள்ள 124 பெண்களையும் வலி இல்லாத 46 பெண்களையும் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பதிவு செய்தார்கள். இரவில் பல்லரைப்பது இரு குழுவிலும் ஏறக்குறைய ஒரே அளவில், பத்தில் ஒருவருக்குத்தான் இருந்தது. வலி உள்ளவர்களிடம் வித்தியாசமாகத் தெரிந்தது வேறொன்று. பல்லரைக்காத நேரத்திலும் அவர்களுடைய தசை முழுமையாகத் தளரவில்லை. அடுப்பை அணைத்துவிட்டோம் என்று நினைத்திருக்கும்போது சிம்மில் எரிந்துகொண்டே இருந்தால் எப்படி, அப்படி. பெரிய பெரிய கடிகளைவிட இந்த ஓயாத சிறு இறுக்கம் முக்கியமானதாக இருக்கலாம். அதனால்தான் பகல் நேரத்துப் பழக்கத்தைப் பற்றி இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

தசை மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. தூக்கக் குறைவு, மன அழுத்தம், உடம்பில் வேறு இடங்களில் இருக்கும் வலி, தாடையில் பட்ட அடி எல்லாம் சேர்ந்தே வருகின்றன. வலியை உணரும் நரம்பு மண்டலமே சிலருக்குக் கூர்மையாகிவிடுகிறது. அப்படிப்பட்டவருக்குத் தாடையை மட்டும் பார்த்து வைத்தியம் செய்தால் பாதிக் கிணறு தாண்டின கதைதான்.

அப்படியானால் தூக்கத்தில் ஏன் கடிக்கிறோம்?

பல் வரிசை சரியில்லாததால் என்று முன்பு சொன்னார்கள். இப்போது தெரிவது, அதன் தொடக்கம் மூளையில் என்பதுதான். தூக்கம் லேசாகக் கலையும் சின்னச் சின்ன விழிப்புகள் எல்லோருக்கும் இரவில் பல தடவை வரும். கனடாவின் மாண்ட்ரியலில் ஆய்வாளர் ஜில் லாவீன் குழுவினர் பதிவு செய்து காட்டிய வரிசை இது: முதலில் மூளை அலை மாறும், பிறகு இதயத் துடிப்பு வேகமெடுக்கும், அதற்கப்புறம்தான் தாடைத் தசை தாளம் போட்டதுபோல விட்டுவிட்டுச் சுருங்கும். பல்லரைக்காத சாதாரண மனிதர்களில் சுமார் 60 சதவீதம் பேருக்கும் இந்தத் தாளம் இருக்கிறது. அரைப்பவர்களுக்கு எண்ணிக்கையும் வலுவும் அதிகம், அவ்வளவே. 2018-ல் வந்த சர்வதேச ஒருமித்த கருத்தும், வேறு கோளாறு இல்லாதவருக்குப் பல்லரைப்பு ஒரு நோய் அல்ல, ஒரு தசைச் செயல் என்றே சொல்கிறது. சிலருக்கு அது தீங்கு செய்யும், சிலருக்கு ஒன்றும் செய்யாது.

மாலைக்கு மேல் காபி, சிகரெட், மது மூன்றும் இதைக் கூட்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் கூட்டலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்க முடியுமா?

முடியும். இ.எம்.ஜி. என்பது அதுதான். தசை சுருங்கும்போது உண்டாகும் மின்சாரத்தைத் தோல்மேல் ஒட்டிய இரண்டு சிறு மின்முனைகள் பிடித்துத் திரையில் கோடாகக் காட்டும். பல் மருத்துவத்துக்குள் இதை 1949-ல் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் ராபர்ட் மோயர்ஸ். தசை ஓய்வாக இருந்தால் சில மைக்ரோவோல்ட் மட்டும் வரும், கோடு கிட்டத்தட்டப் படுத்தே இருக்கும். இறுகக் கடித்தால் நூறு மைக்ரோவோல்ட்டைத் தாண்டி, கோடு முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து எழும். முதல் தடவை தன் கன்னத்தின் கோட்டைத் திரையில் பார்க்கிறவர் முகத்தை நான் பார்ப்பேன். ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று சொல்லும்போதே கோடு நடுங்கிக்கொண்டிருக்கும். ‘தோளைத் தளர்த்துங்கள், பல்லைப் பிரியுங்கள்’ என்றால் கோடு படிந்துவிடும். இதைப் பயிற்சியாகச் செய்தால் அதற்கு பயோஃபீட்பேக் என்று பெயர். பலருக்கு உதவுகிறது.

ஆனால் இந்த எண்ணை வைத்து ‘உங்களுக்கு நோய் இருக்கிறது’, ‘இல்லை’ என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. மின்முனையை ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினால் எண் மாறும். கன்னத்தில் கொழுப்பு இருந்தால் மாறும், லேசாகச் சிரித்தாலும் மாறும். நோயாளிகளின் எண்களும் நலமானவர்களின் எண்களும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தே இருக்கின்றன. ஓய்வு அளவு இரண்டு மைக்ரோவோல்ட் கூடுதல், ஆகவே வாய் முழுக்கக் கேப் போட்டுப் பல்லின் உயரத்தை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள்.

நைட் கார்டு, ஸ்பிளிண்ட், தட்டு எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுதான். செய்யும் விதத்தில் வேறுபாடு உண்டு. நாங்கள் அதிகம் செய்வது சமநிலை ஸ்பிளிண்ட், கெட்டி அக்ரிலிக் பிளாஸ்டிக்கில், ஒரு வரிசைப் பற்கள் எல்லாவற்றையும் மூடும்படி இருக்கும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ராம்ஃபியோர்டும் ஆஷும் வளர்த்தெடுத்ததால் மிச்சிகன் ஸ்பிளிண்ட் என்றும் பெயர்.

பல் அளவு எடுத்து ஆய்வகத்தில் செய்து வந்ததும் வேலை முடிந்துவிடாது, உண்மையில் அப்போதுதான் தொடங்குகிறது. வாயில் மாட்டி, நடுவே மெல்லிய நிறத்தாளை வைத்து ‘தட்டுங்கள், தட்டுங்கள்’ என்போம். எதிர்ப்பற்களின் புள்ளிகள் ஸ்பிளிண்ட் மேல் பதியும். ஒரு பக்கம் அழுத்தமாக, நடுவில் வெள்ளை வட்டம் விழுந்து, மறுபக்கம் ஒன்றுமே பதியாமல் இருந்தால் அந்த அழுத்தமான புள்ளியைச் சிறிது சிறிதாக உரசி எடுக்க வேண்டும். இருபுறமும் ஒரே மாதிரி சிறு புள்ளிகள் விழும்வரை இது நடக்கும். பக்கவாட்டில் அசைத்தால் கோரைப்பல் மட்டும் வழிநடத்தும்படி அமைப்பது வழக்கம். அரை மணி நேரம் சாதாரணமாகப் பிடிக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் திரும்ப வந்து மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் தசை தளர்ந்தால் தாடை உட்காரும் இடமும் கொஞ்சம் மாறும். டப்பாவில் போட்டுக் கொடுத்து ‘இரவில் மாட்டிக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பிவிட்டால் அது பாதி வேலைகூட இல்லை.

தாடையை முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் இன்னொரு வகை இருக்கிறது. வில்லை இடம் மாறி வலியோடு சிக்கிச் சிக்கி விடுபடுகிறவர்களுக்குக் குறுகிய காலம் உதவும். இரவு பகலாக மாதக்கணக்கில் போட்டால் கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று சேராமலே போய்விடும் அபாயம் உண்டு.

ஸ்பிளிண்ட் போட்டால் தசை வேலை குறையுமா? கடிப்பது நின்றுவிடுமா?

நிற்காது. குறையுமா என்றால், சிலருக்குக் குறையும், சில நாளைக்கு.

1979-ல் கிளார்க் குழுவினர் தாடை வலி உள்ள 25 பேருக்கு வீட்டிலேயே இரவு இ.எம்.ஜி. பதிவு செய்தார்கள். ஸ்பிளிண்ட் போட்ட பிறகு 52 சதவீதம் பேருக்குத் தசைச் செயல் குறைந்தது, 28 சதவீதம் பேருக்கு மாற்றமில்லை, 20 சதவீதம் பேருக்கு அதிகமானது. கழற்றியதும், குறைந்தவர்களில் அநேகமாக எல்லோருக்கும் பழைய அளவே திரும்பி வந்தது. 2004-ல் மாண்ட்ரியலில் செய்ததோ இன்னும் சுவாரசியம். பல்லரைக்கும் ஒன்பது பேருக்கு ஒரு சமயம் பற்களை மூடும் ஸ்பிளிண்ட், இன்னொரு சமயம் மேலண்ணத்தை மட்டும் மூடி, பல் கடிக்கும் பரப்பைத் தொடாத தட்டு. இரண்டுமே பல்லரைப்பை ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 40 சதவீதம், குறைத்தன. கடியைத் தொடாத தட்டும் வேலை செய்கிறதென்றால், பயன் கடியைச் ‘சரிசெய்ததால்’ வந்ததல்ல என்றுதானே அர்த்தம்? வாய்க்குள் புதிதாக ஒன்று இருக்கிறது என்று மூளைக்குத் தெரிகிறது, அதனால் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. 2006-ல் ஜப்பானில் 16 பேரை ஆறு வாரத்தில் பல தடவை பதிவு செய்தபோது, முதல் இரவில் தெரிந்த குறைவு இரண்டாவது வாரத்திலேயே காணாமல் போயிருந்தது. மூளைக்குப் பழகிவிட்டது.

குறையாது என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எதற்கு அதைப் போட வேண்டும்?

மூன்று காரணம் சொல்லலாம். ஒன்று, பல் தேயாமல் காக்கும். பல்லரைப்பவருக்கு வருடக்கணக்கில் எனாமல் போய் மஞ்சள் உள்பகுதி தெரிவதை, புதிதாகப் போட்ட பீங்கான் கேப் உடைவதை இது தடுக்கும். பல் தேய்வதற்குப் பதிலாக அக்ரிலிக் தேயும். தேய்ந்தால் வேறு செய்துகொள்ளலாம். இரண்டு, வலி உள்ள பலருக்கு, எல்லோருக்கும் அல்ல, காலையில் இறுக்கம் குறைகிறது. மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வாயில் அது இருக்கும்போது பல்லைச் சேர்த்தால் உடனே தெரிகிறது. ஒரு நினைவூட்டல்.

ஆனால் தனியாக இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். நீண்டகாலத் தாடை வலிக்கு எந்த சிகிச்சை உதவுகிறது என்று 2023-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஒரு வழிகாட்டி வந்தது. தாடைப் பயிற்சி, பயிற்சியாளர் கையால் செய்யும் தசைச் சிகிச்சை, வலியைச் சமாளிக்கும் மனப்பயிற்சி, நோயைப் பற்றிய விளக்கம் இவற்றுக்கெல்லாம் வலுவான ஆதரவு. கழற்றி மாட்டும் ஸ்பிளிண்ட்டுக்கு, மிதமான தயக்கத்தோடு, வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். கடியை நிரந்தரமாக மாற்றிவிடும் சாதனங்களுக்கு உறுதியான மறுப்பு. என் கருத்தும் ஏறக்குறைய அதுதான். பயிற்சியோடு சேர்ந்து, மாதக் கணக்கு வைத்து, திரும்பத் திரும்பப் பார்த்துப் போடுவதாக இருந்தால் போடலாம். இரண்டு மாதத்தில் வலியில் எந்த மாற்றமும் இல்லையென்றால் இன்னொரு ஸ்பிளிண்ட் செய்வதற்கு முன் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தோமா என்று யோசிக்க வேண்டும்.

மெத்தென்ற ரப்பர் கார்டு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே?

வெந்நீரில் போட்டுக் கடித்து அளவு எடுத்துக்கொள்வது அது. விளையாட்டில் பல்லுக்கு அடிபடாமல் இருக்க நல்லது. தாடை வலிக்கு அதை எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1987-ல் ஜெஃப்ரி ஓக்கெசன் பல்லரைக்கும் 10 பேருக்கு இரண்டு வகையையும் கொடுத்து இரவில் அளந்தார். கெட்டி ஸ்பிளிண்ட் எட்டுப் பேருக்குத் தசைச் செயலைக் குறைத்தது. மெத்தென்றது ஒருவருக்கு மட்டும் குறைத்தது, ஐந்து பேருக்கு அதிகமாக்கியது. பத்துப் பேர் என்பது சிறிய ஆய்வுதான். இருந்தாலும், ‘அதைப் போட்டதிலிருந்து சூயிங் கம் மாதிரி மென்றுகொண்டே இருக்கிறேன்’ என்று சொல்பவர்களை நானும் பார்க்கிறேன். தவிர, சில பற்களில் மட்டும் உட்கார்ந்து மற்றவற்றை விட்டுவிடும் கார்டு, விட்ட பற்களை மெல்ல நகரவிட்டுவிடும்.

முன்பல்லில் மட்டும் மாட்டும் சின்னக் கருவி?

கடைவாய்ப் பற்கள் தொடாவிட்டால் கடிக்கும் தசைகளால் முழு வலுவோடு சுருங்க முடியாது. அது உண்மை, இ.எம்.ஜி.யில் தெளிவாகத் தெரியும். கட்டைவிரல் நகத்தை முன்பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்துப் பார்த்தால் உங்களுக்கே புரியும். ஆனால் தொடர்ந்து பயன்படுத்தி, திரும்பக் காட்டாமல் விட்டால் கடி மாறி, முன்பற்கள் திறந்தே நின்றுவிட்ட நிகழ்வுகள் உண்டு. சிறிய கருவி என்பதால் தூக்கத்தில் தொண்டைக்குள் போகும் ஆபத்தும் இருக்கிறது. வாராவாரம் வந்து காட்டக்கூடியவருக்கு, சில வாரங்களுக்கு மட்டும் சரி.

எனக்குக் குறட்டை உண்டு. அது இதற்குச் சம்பந்தமா?

கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய விஷயம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர்கள் சிலருக்கு மேல்தாடை ஸ்பிளிண்ட் அதை மோசமாக்கலாம். 2004-ல் அப்படிப்பட்ட 10 பேருக்குப் போட்டுப் பார்த்த ஒரு சிறு ஆய்வில், ஐந்து பேருக்கு மூச்சுத் தடைகள் 50 சதவீதத்துக்கு மேல் கூடின. பலத்த குறட்டை, நடு இரவில் மூச்சுத் திணறி எழுவது, பகலில் தூங்கி விழுவது இருந்தால் முதலில் தூக்கப் பரிசோதனை. தாடையை முன்னால் நிறுத்தும் வேறு வகைக் கருவிதான் அப்போது பொருத்தம்.

பல்லை உரசிச் சரிசெய்தால், கிளிப் போட்டு வரிசையாக்கினால் போய்விடும் என்கிறார்களே?

1934-ல் ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்கக் காது மூக்கு மருத்துவர், கடைவாய்ப் பற்கள் விழுந்ததால் தாடை பின்னால் போய்க் காதை அழுத்துகிறது என்று எழுதினார். அவர் சொன்ன உடற்கூற்று விளக்கம் நிற்கவில்லை. ஆனால் ‘கடி சரியில்லை, அதனால்தான் வலி’ என்ற எண்ணம் மட்டும் 90 வருடமாக நம்மோடு இருக்கிறது. வலிக்காக நல்ல பல்லை உரசக் கூடாது. உரசிய எனாமல் திரும்ப வளராது. கிளிப் சிகிச்சை பல் வரிசைக்காகத் தேவை என்றால் செய்துகொள்ளுங்கள், தாடை வலி போகும் என்ற வாக்குறுதிக்காக வேண்டாம்.

சரி, வீட்டில் நான் என்ன செய்யலாம்?

முதலில் ‘அம்மா’ என்று மெதுவாகச் சொல்லுங்கள். நடுவில் ‘ம்ம்’ வரும்போது நிறுத்துங்கள். உதடு சேர்ந்திருக்கிறது, பல் சேரவில்லை, பார்த்தீர்களா? அதுதான் தாடையின் ஓய்வு நிலை. நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்றால், ‘ன்’ என்று சொல்லி அப்படியே விட்டுவிடுங்கள். மேல் முன்பற்களுக்குப் பின்னால் உள்ள மேட்டை நாக்கு நுனி தொட்டுக்கொண்டிருக்கும். இதைத் தமிழ் பேசுகிறவருக்குச் சொல்லிக்கொடுப்பது எனக்கு எப்போதும் சுலபமாக இருந்திருக்கிறது. கைபேசியில் மணிக்கு ஒரு தடவை ஒலி வைத்துக்கொள்ளுங்கள், அல்லது திரையின் ஓரத்தில் ஒரு வண்ணப் புள்ளி ஒட்டுங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ‘அம்ம்’. இரண்டு வாரம் விடாமல் செய்தால் கடிக்கும் நேரங்கள் உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைக் கன்னத்தில் 15 நிமிடம், நாளைக்கு இரண்டு வேளை. கொட்டாவி வரும்போது மடக்கிய கையைத் தாடைக்கு அடியில் கொடுத்து வாய் அகலத் திறக்காமல் தாங்குங்கள். வலி இருக்கும் சில வாரங்களுக்குக் கரும்பு, சீடை, கெட்டி முறுக்கு, எலும்புக் கறி, சூயிங் கம் வேண்டாம். அதற்காகக் கஞ்சியே குடித்துக்கொண்டிருக்கவும் வேண்டாம், இட்லி, சாதம், வேகவைத்த காய் தாராளமாகச் சாப்பிடலாம். தாடை அசைய வேண்டும். குப்புறப் படுத்துக் கையைக் கன்னத்தில் முட்டுக்கொடுக்காதீர்கள்.

போடாக்ஸ் ஊசி?

தசையின் வலுவை மூன்று நான்கு மாதத்துக்குக் குறைக்கும். கடி எண்ணிக்கையைக் குறைக்காது, கடியின் வலுவைத் தணிக்கும். திரும்பத் திரும்பப் போட்டால் தசை மெலியும், எலும்பு அடர்த்தி குறைகிறதா என்ற கவலையும் இருக்கிறது. முதலில் எடுக்க வேண்டிய வழி இதுவல்ல.

வாய் திறக்க முடியவில்லை. இதுவும் தாடை மூட்டுக் கோளாறுதானா?

இங்கே தயவுசெய்து கவனமாக இருங்கள். நடுவிலுள்ள மூன்று விரல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே வைக்க முடிந்தால் வாய் திறப்பு போதுமானது, சுமார் 40 மில்லிமீட்டருக்கு மேல். அது முடியாமல், பாக்கோ குட்காவோ போடும் பழக்கமும் இருந்து, காரம் பட்டால் வாய் எரிந்து, கன்னத்தின் உட்புறம் வெளுத்துப் பட்டையாக இறுகியிருந்தால் அது மூட்டு அல்ல. பாக்கினால் வரும் சவ்விறுக்க நோய் அது, பிற்பாடு புற்றாகவும் மாறக்கூடியது. அதற்கு நைட் கார்டு போட்டுக்கொண்டு காலம் கடத்திவிடக் கூடாது.

மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, நின்றால் குறைந்தால் இதயத்தைப் பாருங்கள், அன்றே. 50 வயதுக்கு மேல், மென்றுகொண்டிருக்கும்போதே தாடை களைத்து வலித்து, நெற்றிப்பொட்டு தொட்டால் நொந்து, பார்வை மங்கினால் ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். தாமதித்தால் கண் போய்விடும். காய்ச்சலும் கன்ன வீக்கமும் சேர்ந்து வாய் பூட்டிக்கொண்டால் ஞானப்பல் அருகே சீழ் பிடித்திருக்கலாம். திறந்த வாய் மூட முடியாமல் நின்றுவிட்டால் நீங்களாக அழுத்தாமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

ஸ்பிளிண்ட்டை எப்படிப் பராமரிப்பது?

காலையில் கழற்றியதும் சாதாரணத் தண்ணீரில், மென்மையான பிரஷும் துளி சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். பற்பசை வேண்டாம், அதிலுள்ள பொடி கீறிவிடும். வெந்நீர் கூடவே கூடாது, வளைந்துவிடும். காயவைத்துக் காற்றோட்டம் உள்ள டப்பாவில் வையுங்கள். டிஷ்யூ தாளில் சுற்றி மேசையில் வைத்தால் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள், வருடத்துக்கு நாலைந்து பேராவது அப்படித் தொலைத்துவிட்டு வருகிறார்கள். வீட்டில் நாய் இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. ஒவ்வொரு தடவை எங்களிடம் வரும்போதும் அதையும் கையோடு கொண்டுவாருங்கள். அதில் எந்த இடத்தில் குழி விழுந்திருக்கிறது என்று பார்த்தால் இரவில் உங்கள் தாடை எந்தப் பக்கம் போகிறது என்பது தெரிந்துவிடும். காலையில் கழற்றிய பிறகு அரை மணி நேரம் கழித்தும் பற்கள் பழையபடி சேரவில்லை என்றால், அன்றிரவு மாட்டாமல், அடுத்த நாளே வந்து காட்டுங்கள்.